ஸ்கேனர் வாங்கலாமா, தம்பி?

டொரொண்டோவில் இருக்கிற பெரியம்மா மகன் பொலிஸ் ஸ்கேனர் ஒன்று அனுப்பிவைக்கிறாராம். பாதிக் காசு நீங்கள் போட வேண்டுமாம். பாவிக்கச் சுகமான சாமான், ஊரைச் சொன்னால் போதும், பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாரும் பேசுவது கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆறுதலாகப் பேசுவோம்.

நீங்கள் இதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது மலைப்பக்கங்களில் கரண்ட் போனது; பின்னாலேயே டவர்களும் நின்றன. தோட்டத்து மேல் டிவிசனில் மண் சரிந்ததா, பாதை இருக்கிறதா, ஆறு எவ்வளவு ஏறிவிட்டது என்று தெரியாமல் ஆட்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சிங்களத்தில் வந்த வேகத்தில் எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை என்ற குறையும் அப்போது எழுந்தது. அப்படிப்பட்ட இரவில் யாராவது பேசுவது காதில் விழுந்தாலாவது போதும் என்று தோன்றுவது நியாயம்தான். கருவியைப் பற்றி முதலில் சொல்கிறேன். உங்களுக்கு உண்மையில் வேண்டியது எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்கேனர் என்பது கேட்க மட்டும் செய்கிற றேடியோ. வீட்டு எஃப்.எம். பெட்டி நாம் வைத்த நிலையத்தில் நிற்கும். ஸ்கேனர் தன் நினைவில் உள்ள அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடும். குரல் இருக்கிற இடத்தில் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும். முன்பெல்லாம் அலைவரிசை எண்களை நாமே தேடிப்பிடித்து அழுத்திச் சேர்க்க வேண்டும். அதுவே சிரமம். பிறகு அமெரிக்கப் பெருநகரங்களின் பொலிஸும் தீயணைப்பும் ட்ரங்கிங் என்ற முறைக்கு மாறின. வங்கியில் டோக்கன் எடுத்தால் எந்தக் கவுண்டர் காலியோ அங்கே கூப்பிடுகிறார்களே, அதுபோல ஒரு கணினி ஒவ்வொரு பேச்சையும் அந்த நேரம் காலியாக உள்ள அலைவரிசைக்கு அனுப்பிவிடும். கேள்வி ஒன்றில் வரும், பதில் இன்னொன்றில் வரும். அந்தக் கணினியின் போக்கைத் தெரிந்துகொண்டு பின்தொடரும் ஸ்கேனரால்தான் முழுப் பேச்சையும் பிடிக்க முடியும். அதற்கான விவரங்களைச் சாதாரண ஆள் உள்ளே ஏற்றுவது பெரிய தலையிடி.

அந்தத் தலையிடியைத் தீர்க்கத்தான் யுனிடென் நிறுவனம் 2010 இல் ஹோம்பெட்ரோல் என்ற ஸ்கேனரைக் கொண்டுவந்தது. தொடுதிரையில் தபால் குறியீட்டை அழுத்தினால் அந்த ஊரில் கேட்கக்கூடியதெல்லாம் வந்து நிற்கும். அண்ணன் சொல்லும் சுகம் இதுதான். ஆனால் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பொழுதுபோக்காக றேடியோ கேட்பவர்கள் வருடக்கணக்காக ஊர் ஊராகச் சேகரித்துவைத்த அலைவரிசைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் அந்த இரண்டு நாடுகளுக்கானது. நம் தெஹியோவிட்டவின் தபால் இலக்கத்தைக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. டொரொண்டோவில் குழந்தையும் பாவிக்கக்கூடிய பெட்டி இங்கே வந்து இறங்கியதும், கைநூலை வைத்துக்கொண்டு எண்களைத் தேடவேண்டிய பழைய பெட்டியாகிவிடும்.

அந்த நாடுகளிலேயே கேட்பது குறைந்துகொண்டு வருகிறது. டென்வர் பொலிஸ் 2019 இல் தன் பேச்சை மறைகுறியாக்கிவிட்டது. சிக்காகோ 2022 இல் அந்த வழியில் இறங்கியது, நியூயோர்க் 2023 இல் தொடங்கியது. மறைகுறியாக்கிய பேச்சை எவ்வளவு விலையான ஸ்கேனராலும் திறக்க முடியாது. விலையையும் பாருங்கள். ஹோம்பெட்ரோல் போன்ற டிஜிட்டல் ஸ்கேனர்கள் பெரும்பாலும் 400 முதல் 700 அமெரிக்க டொலர் வரை போகின்றன. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் 500 டொலர் ஒன்றரை இலட்சம் ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளக் கணக்கில் பார்த்தால், உங்கள் அம்மா தோட்டத்தில் 111 நாள் வேலைக்குப் போன காசு. அண்ணன் பாதியைப் போட்டாலும் மீதிப் பாதி சின்னத் தொகை இல்லை.

நம் மலையையும் யோசிக்க வேண்டும். பொலிஸ் போன்றவர்கள் பாவிக்கும் வகை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. இடையில் ஒரு மலை நின்றால் அதன் மறைவில் சத்தம் மெலிந்துவிடும். உச்சியில் இருக்கிற மறுஒலிபரப்புக் கோபுரத்துக்கும் உங்கள் லயத்துக்கும் நடுவில் இறப்பர் மலை ஒன்று குறுக்கே இருந்தால், வீட்டுக்குள் சின்ன அன்டெனாவோடு வைத்த பெட்டியில் இரைச்சல்தான் வரும். எஃப்.எம். கூட சில லயங்களில் ஜன்னலோரம் மட்டும் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இனிச் சட்டம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், வானொலி கருவிகளின் இறக்குமதியும் பாவனையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மற்றவர்களுக்குப் போகும் தகவலை இடைமறித்துக் கேட்பதும் சட்டத்தோடு உரசுகிற காரியம். பார்சல் சுங்கத்தில் நின்றால் அனுமதிக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். இதற்கு மேலே, நான் மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது. அதன் கீழ் நம் பிள்ளைகள் எவ்வளவு சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் உள்ளே போயிருக்கிறார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பொலிஸ் பேச்சைக் கேட்கும் கருவியோடு ஒரு தோட்டத்துப் பையன் நின்றால், மண்சரிவு பற்றி அறியத்தான் வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்வதை யார் பொறுமையாகக் கேட்பார்கள்? அந்த ஆபத்துக்குத் தக்க பலன் அந்தப் பெட்டியில் இல்லை.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற பாவோஃபெங் வோக்கிடோக்கி எண்ணம் மனதில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அது கேட்பதோடு நிற்காது, பேசவும் செய்யும். அனுமதி இல்லாமல் பொத்தானை அழுத்துவது குற்றம் என்பது ஒருபுறம். தவறிப்போய் அவசர சேவைக்காரர்களின் அலைவரிசையில் அழுத்திவிட்டால் உதவி கேட்கிற ஒருவரின் குரல் மேல் நம் சத்தம் ஏறிவிடும்.

இப்போது உங்களுக்கு வேண்டியதற்கு வருகிறேன். 2016 மே 17 ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். நம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசரகந்த சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் வந்தது. அன்றைக்கு யாரிடமாவது ஸ்கேனர் இருந்திருந்தால் என்ன கேட்டிருக்கும்? மலை சரிந்துவிட்டது, ஆட்களை அனுப்புங்கள் என்ற குரல். நடந்து முடிந்த பிறகு வருகிற குரல். பொலிஸ் றேடியோவில் ஓடுவது பெரும்பாலும் நடந்ததைப் பற்றிய பேச்சுத்தான். நீங்கள் தேடுவதோ சரிவுக்கு முன்னே தெரிகிற செய்தி. அது மழையின் அளவில் இருக்கிறது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் பகுதிகளுக்கு வகுத்துவைத்த கணக்கு எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இதை அளக்க ஆயிரக்கணக்கில் செலவில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான, பக்கம் நேரான டின் ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் போதும். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில் வையுங்கள். டின்னில் ஏழரை சென்றிமீற்றர் உயரம் நின்றால் அதுதான் 75 மில்லிமீற்றர். வளிமண்டலவியல் திணைக்களம் காலை எட்டரைக்கு நாள் கணக்கை முடிக்கிறது. நீங்களும் அந்த நேரத்தில் அளந்து, எழுதிவைத்து, கொட்டிவிடுங்கள். அடைமழை இரவில் மணிக்கொரு தரம் டோர்ச் அடித்துப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தாலும் நிலத்தில் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, கதவு இறுகிக்கொள்வது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் மனதை உறுத்துகிறது. தோட்ட ஆபீஸ்களில் மழை அளப்பது வழக்கமாகவே நடக்கிறது. பால்வெட்டு இருக்கிறதா இல்லையா என்பதே மழையைப் பொறுத்தது என்பதால் அந்த எண்ணைப் புத்தகத்தில் ஏற்றுகிறார்கள். வேலையைத் தீர்மானிக்க உதவும் அந்த எண், லயத்தில் தூங்குகிறவர்களுக்கு ஏன் போகக்கூடாது? தோட்டத் தலைவர்மாரையும் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு போய், மழை நாட்களில் அந்த எண்ணைப் பிள்ளைக் காம்பரா பலகையில் தமிழில் எழுதிவைக்கும்படி கேளுங்கள். இது பிச்சை கேட்பது ஆகாது. நம் உயிர்க்கணக்கு அது.

வெள்ளத்துக்கு வழி இதைவிடச் சுலபம். சீதாவக்கை கங்கை தெரணியகலைப் பக்கமிருந்து இறங்கி நம்மைக் கடந்துதான் அவிசாவளைக்குப் போகிறது. தெரணியகலையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று மட்ட அளவீடு இருக்கிறது. மழைக்காலத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிடும் அறிக்கைகளில் அந்த எண் வரும். அதோடு தெரணியகலைப் பாலத்துப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு சொந்தக்காரரிடம் பேசி வையுங்கள். அங்கே ஏறியது கொஞ்ச நேரத்தில் இங்கே ஏறும். அவசரத்துக்கு 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். இந்த மூன்றையும் ஃபோனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதிவையுங்கள்.

அண்ணனிடம் ஸ்கேனருக்குப் பதிலாகக் கைப்பிடியைச் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் சின்ன றேடியோ ஒன்றும் நல்ல பவர் பேங்க் ஒன்றும் கேளுங்கள். டவர் செத்தாலும் வானொலி நிலையங்கள் பெரும்பாலும் பேசிக்கொண்டிருக்கும். செய்தி அறிக்கையைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

காற்றில் வரும் குரலின் மேல் உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், அதற்கு நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒரு பாதை இருக்கிறது. அமெச்சூர் வானொலி. தொலைத்தொடர்புகள் ஆணைக்குழு பரீட்சை வைத்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. 4எஸ் என்று தொடங்கும் சொந்த அழைப்புக்குறி கிடைக்கும். 2004 சுனாமியில் தொலைபேசி அறுந்துபோனபோது, விக்டர் குணதிலக என்ற அமெச்சூர் வானொலிக்காரரும் இலங்கை வானொலிச் சங்கத்து நண்பர்களும் கார் பட்டரியில் ஓடும் சிற்றலைக் கருவிகளை வைத்து ஹம்பாந்தோட்டையோடு தொடர்பை உண்டாக்கினார்கள். அதே நாட்களில் அந்தமானில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் போர்ட் பிளேயரிலிருந்து வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். சிற்றலைக்கு நம் மலை தடையில்லை. 7 மெகாஹேர்ட்ஸ் அலையை நேரே மேலே அனுப்பினால் வானத்து அயன மண்டலத்தில் பட்டுக் கீழே இறங்கும். பள்ளத்தாக்கில் இருந்துகொண்டே கொழும்போடும் பதுளையோடும் பகலில் பேசலாம். கேகாலைத் தோட்டங்களில் அப்படி அழைப்புக்குறி உள்ள தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால், அடுத்த புயலில் நாம் ஒட்டுக்கேட்கவேண்டிய தேவை வராது. நம் பக்கத்து நிலவரத்தை நாமே அறிவிப்போம்.

ஆரம்பப் பரீட்சைக்குச் சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள மின்சாரப் பாடம் நல்ல அத்திவாரம். ஓம் விதியையும் அலைநீளக் கணக்கையும் படித்துக்கொண்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டில்தான் இருப்பேன். ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள்.