செகண்ட் ஹேண்ட் கார் வாங்க போறீங்களா? கீறலை விடுங்க... சேசிசை பாருங்க!

சென்னை,

சொந்தமா ஒரு கார் இருக்கணும் என்பது நடுத்தர குடும்பங்களின் பல வருட ஆசை. ஷோரூம் விலை கைக்கு எட்டாத போது எல்லோருடைய பார்வையும் திரும்புவது பழைய கார் பக்கம்தான். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. காரை எவ்வளவு தூரம் நோண்டி பார்ப்பது?

சிலர் 6 மாதம் அலைவார்கள். 40 கார் பார்ப்பார்கள். ஒன்றில் கதவோரம் கீறல், இன்னொன்றில் கலர் சரியில்லை, மற்றொன்றில் சீட் கவர் கிழிசல். கடைசி வரை எதையும் வாங்க மாட்டார்கள். இன்னும் சிலர் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு காரை பார்த்து, பாலீஷ் பளபளப்பில் மயங்கி, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள். 2 பேருக்குமே நஷ்டம்தான்.

விவரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றிலும் கறாராக இருப்பதில்லை. நாலைந்து விஷயத்தில் மட்டும் இம்மி அளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மற்றதில் தாராளம். அந்த நாலைந்து எது என்பதை தெரிந்து கொண்டால் பாதி கவலை தீர்ந்தது.

நோபல் பரிசு வாங்கி கொடுத்த பழைய கார்

பழைய கார் வாங்குவதில் உள்ள பயத்தை வைத்தே ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். அவர் அமெரிக்க பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகர்லாப். தகராறு பிடித்த காரை அமெரிக்காவில் 'லெமன்', அதாவது எலுமிச்சை என்பார்கள். இந்த 'எலுமிச்சை சந்தை' பற்றி 1970-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

விற்பவருக்கு காரின் ஜாதகமே தெரியும். வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பயந்துபோய் எல்லா காருக்கும் அடிமாட்டு விலை கேட்கிறார். நல்ல கார் வைத்திருப்பவர், 'இந்த விலைக்கு எதுக்கு கொடுக்கணும்?' என்று ஒதுங்கி விடுகிறார். சந்தையில் மட்டமான கார்களே மிஞ்சுகின்றன. இதுதான் அவர் சொன்னதன் சாரம். 2001-ல் மேலும் 2 பேருடன் சேர்ந்து அவருக்கு பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதில் வாங்குபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. எல்லா காரையும் சந்தேகப்பட்டு விலையை அடித்தால் நல்ல கார் கைக்கு வராது. சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் விவரம் என்று கையில் ஆதாரம் காட்டுகிற காருக்கு 10 ஆயிரம் கூட கொடுப்பது வீண் செலவு அல்ல.

குறைகளை 3 கூடையாக பிரிங்க

காரில் தெரியும் குறைகளை 3 வகையாக பிரிக்கலாம். முதல் வகை, பணம் போட்டாலும் சரியாகாதது. இருந்தால் அந்த கார் வேண்டாம். 2-வது வகை, பணம் போட்டால் சரியாகும், செலவு எவ்வளவு என்றும் தெரியும். அந்த தொகையை விலையில் கழிக்க வேண்டும். 3-வது வகை, ஓட்டத்துக்கு சம்பந்தமே இல்லாதது. அதை கண்டுக்கவே வேண்டாம்.

பேப்பரில் கறார்

முதல் வகையில் முதலிடம் ஆவணங்களுக்கு. என்ஜினை கூட மாற்றிவிடலாம். வில்லங்கமான ஆர்.சி.யை மாற்ற முடியாது.

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நம்பர் இருக்கும் இடத்தில் தேய்த்த தடமோ, புது பெயிண்டோ இருந்தால் அங்கேயே திரும்பி விடுவது நல்லது.

மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பரை போட்டால் எத்தனையாவது வருட வண்டி, இன்சூரன்ஸ் எது வரை இருக்கிறது, கடன் பாக்கி பதிவு உண்டா என்பதை பார்க்கலாம். நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதத்தையும் இ-சலான் பக்கத்தில் பார்க்க முடியும்.

கடனில் வாங்கிய கார் என்றால் வங்கியின் தடையில்லா சான்றும் படிவம் 35-ம் வேண்டும். 'கடனை கட்டியாச்சு சார், பேப்பர் அப்புறம் வரும்' என்ற பேச்சு வேலைக்கு ஆகாது. கியாஸ் கிட் பொருத்தியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். டி-போர்டில் ஓடி பிறகு ஓன் போர்டாக மாறிய வண்டியா என்றும் கேட்க வேண்டும். டாக்சியாக ஓடிய காரின் ஓட்டமே தனி.

டெல்லி கார் மலிவு என்று வாங்குபவர்களும் உண்டு. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் கார், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு பசுமை தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தடையில் பிறகு தளர்வு வந்தாலும், அந்த பக்கத்து பழைய கார் இங்கு மலிவாக வந்ததற்கு இது முக்கிய காரணம். ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லா சான்று, இங்கு கட்ட வேண்டிய சாலை வரி, மறு பதிவு செலவு எல்லாம் சேர்த்து கூட்டி பார்த்த பிறகே அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிச்சாங் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடியிலும் வெள்ளம். 'முழு சேதம்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு தீர்த்த கார்கள் ஏலத்தில் போய், பழுது பார்க்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வருவது உண்டு. மூழ்கிய ஊரிலேயேதான் விற்கப்படும் என்பதும் இல்லை. கோவையில் வாங்குபவரும், மதுரையில் வாங்குபவரும் இதை பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ள காரில் தொல்லை உடனே தெரியாது. ஒயரிங், சென்சார், ஏர்பேக் கட்டுப்பாட்டு பெட்டி எல்லாம் உள்ளுக்குள் மெல்ல அரிக்கும். சில மாதம் கழித்து நடுரோட்டில் வண்டி நிற்கும். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

கண்டுபிடிக்க வழி சுலபம். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்து பார்க்க வேண்டும். சேற்று கறை கோடு போட்டது போல் இருக்கும். கார்பெட்டை தூக்கி மோந்து பார்த்தால் ஈர வாடை அடிக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர் திரை, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மணல். இதில் 2 இருந்தாலே அந்த கார் வேண்டாம்.

அடிபட்ட உடம்பு

பம்பர் மாற்றிய கார் வேறு. சேசிஸ் வளைந்த கார் வேறு. பம்பரும் கதவும் மேல் சட்டை மாதிரி. சேசிசும், கூரையை தாங்கும் தூண்களும்தான் எலும்பு. மோதலில் உள்ளே இருப்பவரை காப்பாற்றுவது அதுதான்.

கதவு ரப்பரை லேசாக விலக்கி பார்த்தால் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக தெரியும். கோணல் மாணலாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம், 2 பக்கமும் ஒரே அளவில் இல்லாத இடைவெளி, சமதள ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டதும் ஒரு பக்கமாக இழுப்பது ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை.

என்ஜின் பொய் சொல்லாது

என்ஜினை பார்க்க போகும் போது, 'முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று போனிலேயே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையை சொல்லும். நீல புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கருப்பு புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. முதல் இரண்டும் பெரிய செலவு. மூன்றாவது பில்டர், இன்ஜெக்டர் வேலையோடு முடிந்து விடலாம்.

மீட்டரில் காட்டும் கிலோ மீட்டரை அப்படியே நம்ப கூடாது. அதை குறைத்து வைப்பது பழைய தந்திரம். 8 வருட காரில் 35 ஆயிரம் என்று காட்டும். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருக்கும். சர்வீஸ் பில்லில் தேதியும் கிலோ மீட்டரும் இருக்கும். ஷோரூமில் சர்வீஸ் விட்ட வண்டி என்றால் அங்கே பதிவு கேட்கலாம். மீட்டரில் கை வைத்தது தெரிந்தால், கார் நன்றாகவே இருந்தாலும் விட்டுவிட வேண்டும். அந்த ஒரு இடத்தில் பொய் சொன்னவர் மற்ற இடத்திலும் சொல்லியிருப்பார்.

எதை விலையில் கழிக்கலாம்?

டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏ.சி. கியாஸ் ஆகியவை தேயும் பொருட்கள். தேய்ந்திருப்பது குற்றம் அல்ல. டயர் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரொம்ப பழைய டயர் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

தெரிந்த மெக்கானிக்கை அழைத்து போய் பட்டியல் போட்டு, தொகையை கூட்டி, அந்த தாளை காட்டியே பேரம் பேசலாம். 'இதை குறைங்க' என்பதை விட 'டயருக்கும் கிளட்ச்சுக்கும் இவ்வளவு ஆகும், அதை கழிங்க' என்பது எடுபடும். மெக்கானிக்குக்கு கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

கையில் 3 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்கும் கார் வாங்க கூடாது. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ், சில்லறை வேலைகளுக்கு 30 ஆயிரமாவது ஒதுக்கி வைக்க வேண்டும்.

கண்டுக்க வேண்டாதவை

கீறல், சின்ன டொக்கு, மங்கிய பெயிண்ட், சீட் கவர், பழைய மியூசிக் சிஸ்டம், வீல் கப், கலர். இதற்காக நல்ல என்ஜினை விட்டுவிட்டு வருபவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள். சொல்லப்போனால் சின்ன கீறல்களோடு உள்ள கார், மொத்தமாக புது பெயிண்ட் அடித்த காரை விட நம்பகமானது. எதையும் மறைக்கவில்லை அல்லவா!

எவ்வளவு கறார் என்பது தேவையையும் பொறுத்தது. கார் ஓட்டி பழக ஒரு லட்சத்துக்கு வாங்குபவர் ஆயில் கசிவை பொறுத்து கொள்ளலாம். வாரா வாரம் குழந்தைகளோடு பைபாசில் ஊருக்கு போகிறவர் பிரேக், ஏர்பேக், சேசிசில் கொஞ்சமும் சமரசம் செய்ய கூடாது.

எத்தனை கார் பார்ப்பது?

இதற்கு கணிதத்தில் ஒரு கணக்கு உண்டு. பார்க்க முடிந்தது 10 என்று வைத்து கொண்டால், முதல் 3 அல்லது 4-ஐ வாங்காமல் சும்மா பார்த்து விலையும் தரமும் பழகி கொள்ள வேண்டும். அதன் பிறகு, பார்த்ததில் எல்லாம் சிறந்ததாக எது வருகிறதோ அதை உடனே முடித்துவிட வேண்டும். விட்டு வந்த காரை மறுபடி தேடி போனால் விற்று போயிருக்கும் என்பதற்கான கணக்கு இது. 37 சதவீதம் பார்த்துவிட்டு பிறகு தேர்வு செய் என்பதுதான் அந்த சூத்திரம்.

பேரத்துக்கு முன் அதே மாடல் புது காரின் இன்றைய விலையையும் விசாரிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. பழைய ஷோரூம் விலையை சொல்லி கணக்கு காட்டினால் ஏமாற கூடாது. பழைய கார் வியாபாரிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் அது பொதுவாக அவருடைய லாபத்துக்கு மட்டும்தான். முழு விலைக்கும் அல்ல. ஒரு தனி நபர் தன் சொந்த காரை இன்னொருவருக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யே கிடையாது.

பெயர் மாற்றம்: விற்பவருக்கும் ஆபத்து

பணம் கொடுத்து சாவி வாங்கியதோடு வேலை முடியவில்லை. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30-ல் 2 பேரும் கையெழுத்து போட வேண்டும். வியாபாரிகளும் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகார சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. அந்த சான்றை கேட்டு பார்ப்பதில் தவறில்லை.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சுப்ரீம் கோர்ட்டின் 2018-ம் ஆண்டு தீர்ப்பு ஒன்றே போதும். கார் பல கை மாறிய பிறகு 2009-ல் விபத்து நடந்தது. ஆனால் ஆர்.சி.யில் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு பொறுப்பும் அவருடையதே என்று கோர்ட்டு கூறியது.

வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. இன்சூரன்சை 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால், மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு பாலிசி கைகொடுக்கும். தன் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு பணம் கிடைக்காமல் போகலாம். பழைய உரிமையாளரின் 'நோ கிளைம் போனஸ்' அவரோடு போய்விடும். அது காரோடு வராது. பாஸ்டேக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

பேப்பர் சுத்தம், சேசிஸ் நேர், தண்ணீரில் நிற்கவில்லை, என்ஜின் ஆரோக்கியம், மீட்டர் உண்மை. இந்த 5-ம் சரியாக இருந்தால் கதவில் உள்ள கீறலை பார்த்து யோசிக்க வேண்டாம். இதில் ஒன்று இடித்தாலும், 'இன்னொரு பார்ட்டி அட்வான்சோட வந்துட்டு இருக்கார்' என்று புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசைய கூடாது. அந்த இன்னொரு பார்ட்டியே வாங்கி கொள்ளட்டும்.