சஃபாரி சொல்லும் பாடம்

ஆப்பிரிக்காவுக்கு ‘இருண்ட கண்டம்’ என்று ஐரோப்பியர் ஒரு காலத்தில் பெயர் சூட்டினர். இருள் அக்கண்டத்தில் இருக்கவில்லை. அதனை அறியாதவர் மனத்தில்தான் இருந்தது. 54 நாடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளும் கொண்ட பெருநிலம் அது. வடக்கே சகாராப் பாலைவனம். நடுவே காங்கோ மழைக்காடு. கிழக்கே 5,895 மீட்டர் உயரத்தில் பனிமுடி சூடிய கிளிமாஞ்சாரோ மலை. இத்தனையையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலுமா? ஆகவே அன்புத் தோழியரே, கிழக்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் தான்சானியா, கென்யா ஆகிய இரு நாடுகளுக்கு மட்டும் ஏட்டின் வழியே சென்று வருவோம், வாருங்கள்!

சஃபாரி என்றால் என்ன?

‘சஃபாரி’ என்பது சுவாஹிலி மொழிச் சொல். அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குப் ‘பயணம்’ என்பதே பொருள். ஆனால் வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அது வேட்டையைக் குறிக்கும் சொல்லாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909ஆம் ஆண்டில் தம் மகனுடன் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று, அவருடன் சேர்ந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினார். கென்ய அரசு 1977இல் வேட்டையை அறவே தடை செய்தது. இன்று அந்நாட்டில் சுற்றுலாப் பயணிகளின் கையில் துப்பாக்கி இல்லை; புகைப்படக் கருவி மட்டுமே உண்டு.

முடிவில்லாச் சமவெளி

தான்சானியாவில் உள்ள செரங்கெட்டி, 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. மசாய் மக்களின் மொழியில் ‘முடிவில்லாச் சமவெளி’ என்பது இப்பெயரின் பொருள் என்பர். இங்கே நடைபெறும் விலங்குகளின் யாத்திரை உலக அதிசயங்களுள் ஒன்று. மாட்டின் தலையும் குதிரையின் வாலும் கொண்டதுபோல் தோன்றும் ‘வைல்டபீஸ்ட்’ என்னும் மானினம் ஏறத்தாழ 13 இலட்சம், வரிக்குதிரைகளுடனும் சிறுமான்களுடனும் ஆண்டுதோறும் மழையையும் புல்லையும் தேடி வட்டமிட்டு நடக்கின்றது. பிப்ரவரி மாத அளவில் தெற்குச் சமவெளியில் கன்றுகள் பிறக்கின்றன. பிறந்த சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து ஓடத் தொடங்கிவிடும். பின்னர் அவை வடக்கு நோக்கி நடந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடந்து, கென்யாவின் மசாய் மாராவை அடைகின்றன. மழை திரும்பியதும் அவையும் திரும்புகின்றன.

மாட்டுக்கு மருந்து, மானுக்கு வாழ்வு

இம்மந்தைகள் எப்போதும் இவ்வளவு பெரியனவாக இருக்கவில்லை என்பது வியப்புக்குரிய செய்தி. 1880களின் இறுதியில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகளுடன் வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. மாடுகள் மடிந்தன, மாட்டையே நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் பசியால் வாடினர். அதே நோய் வைல்டபீஸ்ட் கன்றுகளையும் ஆண்டுதோறும் கொன்றது.

மருத்துவர்கள் காட்டு விலங்குகளுக்கு ஊசி போடவில்லை. சுற்றிலும் வாழ்ந்த மக்களின் மாடுகளுக்கே தடுப்பூசி போட்டனர். 1960களில் அப்பகுதியில் நோய் ஓய்ந்தது. அதன்பின் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வைல்டபீஸ்ட்கள், 1970களின் இறுதிக்குள் 13 இலட்சமாயின! அவை புல்லை மேய்ந்ததால் காட்டுத்தீக்கு இரையாகும் காய்ந்த புல் குறைந்தது. தீ குறைந்ததால் இளமரங்கள் பிழைத்து வளர்ந்தன. 2011இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. ஏழையின் தொழுவத்தில் செய்த உதவி, காட்டையே வாழவைத்தது! மனிதர் வேறு, காடு வேறு அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

மண்ணின் மக்கள்

ஆயினும் இவ்வுண்மை பலமுறை மறக்கப்பட்டது. சிவந்த ஆடை அணிந்து, மாடு மேய்த்து வாழும் மசாய் மக்கள் வனவிலங்குகளை உணவுக்காகக் கொல்லாத மரபினர். அவர்கள் காலங்காலமாக மாடு மேய்த்த நிலத்தில்தான் விலங்குகளும் மேய்ந்தன. இருந்தும் 1959இல், பூங்காவுக்காக அவர்கள் செரங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அருகிலுள்ள ஙொரொங்கொரோ பகுதியில் இடம் தரப்பட்டது. பழைய எரிமலை ஒன்றின் வாய், சுமார் 19 கிலோமீட்டர் அகலமுள்ள கிண்ணம்போல் அங்கே அமைந்துள்ளது. மனிதரும் மாடும் விலங்கும் சேர்ந்து வாழ வகுக்கப்பட்ட பகுதி அது.

அங்கும் அவர்களுக்கு அமைதி கிட்டவில்லை. மக்களும் மாடுகளும் பெருகிவிட்டதால் விலங்குகளுக்கு ஆபத்து என்று அரசு கூறி, 2022 முதல் பல குடும்பங்களைத் தொலைவிலுள்ள வேறு ஊருக்கு அனுப்பியது. “இது எங்கள் முன்னோர் நிலம், எங்களைக் கேளாமல் முடிவு செய்வதா?” என்பது மசாய் மக்களின் கேள்வி. காட்டைக் காக்க வேண்டியதுதான். ஆனால் காட்டோடு வாழ்ந்தவரைக் கண்ணீர் விடச் செய்து காப்பது நீதியாகுமா?

வேறு வழியும் உண்டு. கென்யாவில் மசாய் மாராவைச் சுற்றியுள்ள மசாய் குடும்பங்கள் பல, தங்கள் நிலத்தைச் சுற்றுலா விடுதியினருக்கு வாடகைக்கு விட்டு மாதந்தோறும் பணம் பெறுகின்றன. முறை வைத்து மாடுகளும் மேய்கின்றன, சிங்கங்களும் வாழ்கின்றன.

ஒளியேற்றிய இருவர்

தான்சானியாவின் முதல் தலைவர் ஜூலியஸ் நைரேரே, ஆசிரியராயிருந்த கத்தோலிக்கர். நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1961இல், வனவிலங்குகளைக் காப்பது தங்கள் கடமை என்று அருஷா நகரில் உலகறிய உறுதி கூறினார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான முயற்சி 2005இல் தொடங்கப்பட்டது.

மற்றவர் கென்யாவின் வங்காரி மாத்தாய். நம்மைப் போலவே கன்னியர் நடத்திய பள்ளிகளில் பயின்றவர்! 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கி, கிராமப் பெண்களைக் கொண்டு கோடிக்கணக்கில் மரம் நடச் செய்தார். 2004இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே. மரத்துக்கும் சஃபாரிக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? விலங்குகள் கடக்கும் மாரா ஆறு பிறப்பதே கென்யாவின் மலைக்காட்டில்தான். காடு அழிந்தால் ஆறு வற்றும். ஆறு வற்றினால் யாத்திரை ஏது?

நல்ல பயணி யார்?

பிறர் நாட்டுக்குச் செல்பவர் விருந்தினர், உரிமையாளர் அல்லர். வண்டிகள் சூழ்ந்து நின்று வேட்டையாடும் சிறுத்தையைக் கலங்கச் செய்வது தவறு. ஒருவர் முகத்தை அவர் அனுமதியின்றிப் படம் பிடிப்பதும் தவறு. மசாய் பெண்கள் கோத்த மணிமாலையை அவர்கள் கையிலிருந்தே வாங்கினால் அப்பணம் அவர்கள் அடுப்பை எரிய வைக்கும். ‘அசாந்தே’ என்று சுவாஹிலியில் நன்றி கூறினால் அவர்கள் உள்ளம் மலரும்.

இறைவன் மனிதனைத் தம் தோட்டத்துக்குக் காவலனாக வைத்தார் என்று மறைநூலில் படிக்கின்றோம். அத்தோட்டத்தில் சிங்கமும் உண்டு, மானும் உண்டு, மாடு மேய்க்கும் ஏழைச் சிறுவனும் உண்டு. ஒருவரை விலக்கி மற்றொருவரைக் காக்க இயலாது. நாம் எந்த வனத்தில் கால் வைத்தாலும், விலங்கைக் காணும் ஆவலோடு, அங்கு வாழும் மனிதரை மதிக்கும் உள்ளத்தையும் உடன் கொண்டு செல்வோமாக!