கேளிக்கைப் பூங்கா உணவகங்களில் பச்சைக் குறி மட்டும் போதுமா?

நாட்டின் பல கேளிக்கைப் பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. எனவே, உணவு ஒவ்வாமை உள்ளோர் உள்ளிருக்கும் உணவகங்களையே நம்ப வேண்டியுள்ளது. பட்டியலில் உள்ள பச்சை வட்டக் குறி சைவம் என்பதை மட்டுமே உணர்த்தும். பால், நிலக்கடலை, கோதுமை கலக்கவில்லை என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளைகள் கொண்ட உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும். சிறு கடைகளில் கேட்டறிவதே வழி.

கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகாதோருக்குச் சாம்பாரும் சிக்கலாகலாம்; கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். உருளைக்கிழங்கு வறுவலோ, சமோசா பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கப்பட்டிருக்கலாம். மருத்துவக் காரணங்களுக்காக வீட்டு உணவைக் கொண்டுசெல்ல விலக்கு உண்டா என்பதை, நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பே பூங்கா நிர்வாகத்திடம் கேட்டறிவது நல்லது.