வாசலில் நிற்பவர் யார்?

‘ஸ்ட்ரேஞ்ச்’ என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் பெயர்க்கும்பொழுது, மாணவர் பலர் ‘விசித்திரமான’ என்றே எழுதிவிடுகின்றனர். ‘வாசலில் ஒரு விசித்திரமான மனிதர் நிற்கிறார்’ என்று எழுதினால், அவருக்கு மூன்று கண்களோ என்று படிப்பவர் ஐயுறுவார். ஆங்கிலத் தொடர் சொல்ல வந்ததோ, அவர் வீட்டாருக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர் என்பது மட்டுமே.

அந்த ஆங்கிலச் சொல் இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்பதே இப்பிழைக்குக் காரணம். அதன் மூலம், ‘வெளியே உள்ளது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தபொழுது, அயல்நாட்டைச் சார்ந்ததை அது குறித்தது. வெளியிலிருந்து வந்தது பழக்கமற்றது. பழக்கமற்றது இயல்புக்கு மாறாகத் தோன்றும். பொருள் இவ்வாறு விரிந்தது.

தமிழில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. அறிமுகமின்மையைக் குறிக்க அயல், புதிய, முன்பின் அறியாத என்பன வரும். இயல்புக்கு மாறானதைக் குறிக்க விந்தை, வினோதம், விசித்திரம் என்பன வரும். இவற்றுள் விந்தையில் வியப்பு மிகுதி. வினோதம், வடமொழியில் களிப்பையும் பொழுதுபோக்கையும் குறிப்பது. விசித்திரம் என்பதற்கு அம்மொழியில் பல வண்ணமுடையது என்பது பொருள். அது பழிச்சொல் அன்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் அமைத்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனை, அங்குள்ள 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ‘விசித்திரசித்தன்’ என்றே குறிக்கிறது. புதுமை நாடும் உள்ளத்தவன் என்னும் பெருமை அப்பெயரில் உண்டு.

புதுமையைக் குறிக்கத் தமிழில் மற்றொரு பழஞ்சொல்லும் உள்ளது. அது ‘விருந்து’. புதிய முறையில் இயற்றப்படும் நூலைத் தொல்காப்பியம் அப்பெயரால் வழங்குகிறது. புதுமையைக் குறித்த சொல், புதிதாய் வந்தவரைக் குறித்தது. பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும், முன் அறிமுகமின்றி வருவோரை விருந்தினருள் ஒரு வகையினராகவே கொள்கிறார். வேற்றாள், அன்னியர் என்று விலக்கி நிறுத்தும் சொற்களும் தமிழில் இல்லாமல் இல்லை. எனினும், வெளியிலிருந்து வந்தவரைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் வினோதத்தை நோக்கி நகர, தமிழில் புதியவரைக் குறித்த சொல் சோற்றுப் பந்தி வரை வந்துவிட்டது.

ஆதலின், மேற்கண்ட தொடரை ‘வாசலில் யாரோ புதியவர் நிற்கிறார்’ என்று எழுதுவதே பொருந்தும்.