நூலறையினின்று வீதிக்கு

1965-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரினின்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். முன்வரிசையில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தவர்களுள் நரைத்த தாடியுடைய யூத ரபி ஒருவரும் இருந்தார். அவரே ஆபிரகாம் யோசுவா ஹெசல்.

1907-இல் வார்சாவில், பக்தி நெறியில் ஊறிய ரபிகளின் மரபிலே பிறந்தவர் அவர். பெர்லினில் மெய்யியல் பயின்றார். 1938-இல் நாஜிகள் அவரை ஜெர்மனியினின்று வெளியேற்றினர். மறு ஆண்டு, போர் மூளுவதற்குச் சில வாரங்களே இருக்கையில், போலந்தை விட்டகன்றார். அவருடைய தாயும் சகோதரியர் மூவரும் போருக்கும் நாஜிக் கொடுமைக்கும் பலியாயினர்.

நியூயார்க்கிலுள்ள யூத இறையியல் கல்லூரியில் 1972-இல் இறக்கும்வரை கற்பித்தார். உடன் பணியாற்றிய அறிஞர் சிலர் அவரைப் பெரிதாக மதிக்கவில்லையாம்! ஆனால், வளர்ந்தபின் கற்ற ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல்களைக் கிறிஸ்தவரும் விரும்பிப் படித்தனர். ஓய்வுநாளைப் பற்றிய சிறுநூல் 1951-இல் வெளிவந்தது. இடத்தைவிடக் காலத்தையே யூத மறை புனிதமாக்குகிறது என்பது அதன் கருத்து.

எனினும் அவரை வீதிக்கு அழைத்தது 1962-இல் வெளியான இறைவாக்கினர் பற்றிய பெருநூலே. இளமையில் பெர்லினில் எழுதிய ஆய்வின் விரிவு அது. ஏழையும் விதவையும் ஒடுக்கப்படும்போது இறைவன் வாளாவிருப்பதில்லை, அவர் உள்ளம் நோகிறது என்று அதில் நிறுவினார். அதை எழுதியவர் நூலறைக்குள் அடைந்துகிடக்க இயலுமோ? 1963-இல் அதிபர் கென்னடிக்குத் தந்தி அனுப்பினார்: கறுப்பின மக்களின் வீட்டுவசதிக்கும் கல்விக்கும் சமயத் தலைவர்கள் தத்தம் ஒரு மாத ஊதியத்தை அளிக்கவேண்டும் என்று. போதகர்களின் பணப்பையைத் தொட்ட துணிவு அது! பின்னர் வியட்நாம் போரையும் எதிர்த்தார்.

நம் திருச்சபைக்கும் அவருக்கும் தொடர்புண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பொருட்டுக் கர்தினால் பெயாவுடன் அவர் பலகால் உரையாடினார். யூதர் ஒருநாள் திருச்சபையில் சேருவர் என்ற நம்பிக்கையை 1964-ஆம் ஆண்டு வரைவு ஒன்று வெளியிட்டது. மதமாற்றமா சாவா எனில் அவுஷ்விட்ஸ் முகாமுக்குச் செல்லவும் ஆயத்தம் என்று அவர் மறுமொழி கூறினார். யூதரின் பாவக்கழுவாய் நாள் நெருங்கியிருந்தும் செப்டம்பர் 14-இல் உரோமையில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார். யூதரிலேயே சிலர் இதை ஒப்பவில்லை.

1965 அக்டோபர் 28-இல் சங்கம் வெளியிட்ட இறுதி ஏட்டில், யூதரை மதம் மாற்றும் எதிர்பார்ப்பு இடம்பெறவில்லை. கிறிஸ்துவின் சாவுக்கு அக்கால யூதர் அனைவர் மீதோ இக்கால யூதர் மீதோ பழி சுமத்தலாகாது என்றும் அது அறிவித்தது.