இதயத்துடிப்பில் சர்க்கரையின் சுவடு

விரலில் குத்தாமல், ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் சர்க்கரை நோயைக் கண்டறிய முடியுமா? பத்து விநாடி இசிஜி போதும் என்ற நம்பிக்கையைத் தந்திருக்கிறது நாக்பூரில் நடந்த ஓர் ஆய்வு.

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் இதயச் செல்களுக்குள் புகுவதாலும் வெளியேறுவதாலும் எழும் மின்னோட்டத்தைத்தான் இசிஜி வரைந்து காட்டுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், இதயத்தின் வேகத்தை ஆளும் நரம்புகள் பழுதாகின்றன. நலமான இதயம் மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்தும், விடும்போது சற்று நிதானித்தும் துடிக்கும். நரம்பு பழுதானால் இந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயக் கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும் நீளக்கூடும். இம்மாற்றங்கள் மிக நுண்ணியவை. வயது, மருந்து, வேறு நோய்களாலும் வரக்கூடியவை. அதனால் வெறும் கண்ணால் பார்த்து இது சர்க்கரையின் வேலை என்று பிரித்தறிவது கடினம்.

இங்கேதான் இயந்திரக் கற்றல் கைகொடுக்கிறது. நாக்பூரின் லதா மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையினர், சர்க்கரை நோய் பரவலாக உள்ள சிந்தி குடும்பங்களைச் சேர்ந்த 1,262 பேரின் இசிஜி பதிவுகளிலிருந்து 10,461 துடிப்புகளைத் திரட்டினர். நோய் உள்ளவர், அதன் விளிம்பில் இருப்பவர், இல்லாதவர் என்ற மூவகை விவரத்தோடு அவற்றைக் கணினிக்குக் கொடுத்தனர். கணினி முதலில் எளிய கேள்விகளால் ஆன ஒரு முடிவு மரத்தை அமைக்கும். அது செய்த பிழைகளை அடுத்த மரம் திருத்தும். அதன் பிழைகளை அதற்கடுத்தது. இப்படி உருவான 'டயாபீட்ஸ்' நிரல், 97 சதவீத அளவுக்குச் சரியாக வகைப்படுத்தியதாக 2022இல் 'பிஎம்ஜே இன்னொவேஷன்ஸ்' இதழில் அறிவித்தனர்.

ஆனாலும் இது ஒரே சமூகத்தில் கிடைத்த விடை. வேறு மக்களிடமும் இதே துல்லியம் கிடைத்தால்தான் நிரல் மருத்துவமனைக்கு வர முடியும். தவிர, இந்த நிரல் சொல்வது நோய் உண்டா, அதன் விளிம்பா, இல்லையா என்பதை மட்டுமே. இந்த நிமிடம் சர்க்கரை எவ்வளவு என்பதை அல்ல.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணித்தது. ஆய்வகம் எட்டாத ஊரில் ஓர் இசிஜி கருவியே முதல் சல்லடையாகும் நாள் வந்தால் பலர் பிழைப்பார்கள். அதுவரை, குத்தாமலே சர்க்கரை அளக்கும் என்று விற்கப்படும் கைக்கடிகாரங்களை நம்பாதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.