வயலும் வண்டியும் – 7: பந்தலுக்குள் நுழையாத மெஷின்

பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் குன்றைச் சுற்றி நெல்லும் கரும்பும்தான் கண்ணில் படும். நெல்லுக்கு பெல்ட் மெஷின் வந்தபோது வயலில் யாரும் எதையும் பெரிதாக மாற்றவில்லை. ஈரம் காயாத சேற்றிலும் அது இறங்கிவிடும். கரும்பு அப்படியில்லை. மூன்றடி பாரில் வெட்டும் மெஷினை இறக்கினால் சக்கரம் கட்டையை மிதித்துவிடும், மறுதாம்பு கெடும். அதனால் பாருக்குப் பார் ஐந்தடி விட வேண்டியிருக்கிறது. பயிர் நிற்கும் விதத்தையே மெஷினுக்காக மாற்ற வேண்டும் என்பது திராட்சையில் இன்னும் கறாரான விதி.

தமிழ்நாட்டுத் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் தாய்வீடு. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டிருப்பார்கள். கொத்துகள் தலைக்கு மேல் தொங்கும். பெண்கள் காம்பைக் கத்தரித்து, சொத்தைப் பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். இங்கே மெஷினுக்கு வழியே இல்லை.

1960களில் நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நெல்சன் ஷாலிஸ், முதலில் கொடியைப் படரவிடும் முறையையே மாற்றிப் பார்த்தார். பொறியாளர்கள் அதற்கேற்ற அறுவடை மெஷினை உருவாக்கினார்கள். இன்றைய ஒயின் தோட்டங்களில் கொடிகள் வேலிபோல் வரிசையாக நிற்கின்றன. உயரமான வண்டி ஒன்று வரிசையின் இருபுறமும் கால் வைத்து நகரும். உள்ளே வளைந்த கம்புகள் கொடியைப் படபடவென்று உலுக்க, காம்பு கொடியிலேயே தங்கி, பழம் மட்டும் உதிரும். அடியில் செதில்செதிலாக விரிந்த தட்டுகள் தூரைச் சுற்றி மூடிக்கொண்டு பழத்தை ஏந்தும். கூடவே விழும் இலையை மின்விசிறி ஊதித் தள்ளிவிடும். உதிர்ந்த பழம் வெயிலில் சீக்கிரம் கெடுமென்பதால் பல இடங்களில் இந்த வேலை இரவில்தான் நடக்கிறது.

ஒயினுக்குப் போகும் பழம் எப்படியும் நசுங்கத்தான் போகிறது, அதனால் இது ஒத்துவருகிறது. அதிலும் பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதி விதிவிலக்கு. முழுக் கொத்தாகத்தான் பிழிய வேண்டும் என்பதால் அங்கே கையறுவடை கட்டாயம். நாசிக்கின் ஒயின் தோட்டங்களில் கொடிகள் வரிசையில் நின்றாலும் பெரும்பாலும் கைவெட்டுதான்.

பன்னீர் திராட்சை சாப்பிட விற்கும் பழம். கொத்து குலைந்தால் விலை போகாது. ஆகவே கம்பத்தில் பந்தலைப் பிரிக்கச் சொல்வது அபத்தம் என்பதே என் கருத்து. சாறுக்கும் ஒயினுக்கும் தனியாகக் கொடி வைப்பவர்கள் மட்டும் ஒரு துண்டு நிலத்தில் வேலி முறையைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கும் வரிசை முனையில் வண்டி திரும்ப இடம் வேண்டும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்த இடத்தை எங்கிருந்து ஒதுக்குவார்? பனமலைப் பக்கம் ஐந்தடி பாருக்கு மாறச் சொல்லும்போது சிறு கரும்பு விவசாயிக்கும் இதே சிக்கல்தான். வெட்டுக்கூலி ஆட்களின் வருமானக் கணக்கோடு அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.